சுரங்கத்தைச் சூழ்ந்த நீரை அளப்பவர் யார்?

(அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நீரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நீரின் சிறப்பைத் தமிழருக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் எங்கள் வள்ளுவர். ஆறில்லாத ஊரில் கிணற்றை நம்பி வாழ்ந்த பெற்றோர் பலர் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே நீரின் பெருமையை விடுத்து, நீரைக் காப்பதற்கு இன்றியமையாத ஒரு பணியைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகின்றேன். நிலத்தை அகழ்ந்து கனிமம் எடுக்கும் இடத்தில், அதன் அருகே ஓடும் நீரையும், அதன் அடியில் ஊறும் நீரையும் இடைவிடாது அளந்து கண்காணிக்கும் பணியே அது.

இது எமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் குடியேறி வாழும் இந்த நாட்டின் செல்வத்தில் பெரும் பங்கு சுரங்கங்களிலிருந்து வருகிறது. எம்மவருள் பலர் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் அத்துறையில் பணிபுரிகின்றனர். எமது ஓய்வூதியச் சேமிப்பு நிதிகள் சுரங்க நிறுவனங்களின் பங்குகளிலும் முதலிடப்படுகின்றன. அந்தச் செல்வத்தை அனுபவிக்கும் நாம், அது எடுக்கப்பட்ட நிலத்தின் நீர் என்னவாயிற்று என்று கேட்கும் கடப்பாடும் உடையவர்கள். அந்த நிலத்துக்கு உரியவர்கள் இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள் என்பதையும் நாம் மனங்கொள்ள வேண்டும்.

பொதுவாகப் பேசுவதை விட ஒரு சுரங்கத்தை எடுத்துக்கொண்டு பேசினால் விடயம் தெளிவாகும். வட ஆள்புலத்தில், டார்வின் நகருக்குக் கிழக்கே சுமார் 250 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ரேஞ்சர் யுரேனியச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். உலகில் மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்ட சுரங்கங்களுள் இதுவும் ஒன்று. ஆதலால் கண்காணிப்பினால் எது இயலும், எது இயலாது என்பதை இதனைக் கொண்டே கற்கலாம்.

நிலமும் அதற்கு உரியவரும்

ரேஞ்சர் அமைந்திருக்கும் நிலம் மிரார் என்னும் பூர்வகுடி மக்களுக்கு உரியது. அதைச் சுற்றிலும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு ஏற்றுக்கொண்ட கக்காடு தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. சுரங்க வளாகத்தின் ஓரமாக மகேலா என்னும் ஓடை வடக்கு நோக்கி ஓடுகிறது. மழைக்காலத்தில் பெருகி, கீழே பரந்த சதுப்பு நிலங்களில் பாய்ந்து, இறுதியில் கிழக்கு அலிகேற்றர் ஆற்றைச் சேர்கிறது. கோடையில் ஓட்டம் நின்று, ஆங்காங்கே மடுக்களாகத் தேங்கி நிற்கிறது. அந்த மடுக்களில் மீனும் சிப்பியும் எடுத்து உண்பவர்கள் அம்மக்கள்.

1969ஆம் ஆண்டு இங்கே யுரேனியம் கண்டறியப்பட்டது. நீதியரசர் பொக்ஸ் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1976இலும் 1977இலும் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. நிலத்துக்கு உரியவர்கள் சுரங்கத்தை விரும்பவில்லை என்பதை அந்தக் குழு பதிவு செய்தது. ஆயினும் அவர்களது எதிர்ப்பு இறுதி முடிவைத் தீர்மானிக்கலாகாது என்றும் அதே குழு கூறியது. 1976ஆம் ஆண்டின் பூர்வகுடி நில உரிமைச் சட்டம் தமது நிலத்தில் சுரங்கத்தை மறுக்கும் உரிமையை அம்மக்களுக்கு வழங்கியபோது, ரேஞ்சர் மட்டும் அந்த உரிமையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. 1981இல் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது.

அம்மக்களுக்கு மறுக்கும் உரிமை கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு வாக்குறுதி. உங்கள் நீரும் நிலமும் கெடாமல் பார்த்துக்கொள்வோம் என்பதே அந்த வாக்குறுதி. பொக்ஸ் குழுவின் பரிந்துரையின்படி, 1978இல் தனிச்சட்டம் ஒன்றின் கீழ் ‘மேற்பார்வை விஞ்ஞானி’ என்னும் பதவியும் அலுவலகமும் உருவாக்கப்பட்டன. ஒரு சுரங்கப் பிரதேசத்தின் சூழலைக் காப்பதற்கென்றே நடுவண் அரசு ஒரு விஞ்ஞானியை நியமித்தது அக்காலத்தில் பெரிய செய்தி.

ஆகவே அந்த நிலத்தில் நீரை அளப்பது வெறும் ஆய்வுகூட வேலை அன்று. மறுக்கப்பட்ட ஓர் உரிமைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்று சோதிக்கும் வழி அது.

சுரங்கம் நீரை எவ்வாறு கெடுக்கிறது

இளையோருக்காக இதைச் சற்று விளக்குகிறேன். நிலத்தின் ஆழத்தில் பாறை காற்றும் மழையும் படாமல் கிடக்கிறது. அதை வெட்டி, நொறுக்கி, மேலே குவிக்கும்போது, அது முதன்முறையாக ஒட்சிசனையும் மழைநீரையும் சந்திக்கிறது. கந்தகம் கலந்த கனிமங்கள் ஒட்சியேற்றம் அடைந்து சல்பேற்றாக மாறுகின்றன. பாறையிலுள்ள உலோகங்கள் கரைகின்றன. ரேஞ்சரில் உள்ள பாறையில் மகனீசியம் மிகுதி. ஆதலால் கழிவுப் பாறைக் குவியல்களிலிருந்து வழியும் நீரில் மகனீசியம் சல்பேற்று கரைந்து வருகிறது. அதனுடன் யுரேனியம், மங்கனீசு, ரேடியம் முதலியனவும் சிறிதளவில் வரக்கூடும்.

தாதுவை அரைத்து, சல்பூரிக் அமிலத்தில் ஊறவைத்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பின்னர் எஞ்சும் சேறு இன்னொரு ஆபத்து. யுரேனியம் நீங்கிய போதிலும், அதனுடன் சேர்ந்திருந்த ரேடியம் முதலான கதிரியக்கப் பொருட்களின் பெரும்பகுதி இந்தச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. அதைப் பெரிய அணை கட்டித் தேக்கி வைப்பார்கள்.

இந்த இரண்டு மூலங்களிலிருந்தும் நீர் வெளியேற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மேற்பரப்பு வழி. மழை வெள்ளத்துடன் கலந்து சில மணி நேரத்தில் ஓடையைச் சேரும். மற்றையது நிலத்தடி வழி. பாறை வெடிப்புகளின் ஊடாகக் கசிந்து, ஆண்டுக்குச் சில மீற்றர் மட்டுமே நகர்ந்து, பல தலைமுறைகளுக்குப் பின்னரும் ஓடையை எட்டலாம். முதலாவதைப் பிடிக்க நிமிடக் கணக்கில் அளக்க வேண்டும். இரண்டாவதைப் பிடிக்க நூற்றாண்டுக் கணக்கில் அளக்க வேண்டும்.

ஓடையின் மேலும் கீழும்

நீர் கெட்டுவிட்டது என்று சொல்வதற்கு, கெடாத நீர் எப்படி இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். இதனைத் தொடக்கநிலைத் தரவு என்பர். சுரங்கம் தொடங்கு முன்னரே பல மழைக்காலங்களும் கோடைகளும் அளந்து வைத்தாலன்றி இது கிடைக்காது. ஒரே ஓடையில் மாரியில் ஓர் அளவும் கோடையில் இன்னொரு அளவும் இருப்பது இயல்பு. ஒரு நாள் எடுத்த ஒரு போத்தல் நீரை வைத்துக்கொண்டு எவரும் எதையும் நிறுவ முடியாது.

இரண்டாவது தேவை ஒப்பீடு. மகேலா ஓடையில் சுரங்கத்துக்கு மேற்புறத்தில் ஓர் அளவீட்டு நிலையமும், கீழ்ப்புறத்தில் இன்னொரு நிலையமும் உள்ளன. மேற்புற நீர் சுரங்கத்தைத் தொடாத நீர். கீழ்ப்புற நீர் அதைக் கடந்து வந்த நீர். மழையால் ஏற்படும் மாற்றம் இரண்டு இடங்களிலும் தோன்றும். சுரங்கத்தால் ஏற்படும் மாற்றம் கீழ்ப்புறத்தில் மட்டுமே தோன்றும். இந்த எளிய உண்மையே மேற்பரப்பு நீர்க் கண்காணிப்பின் அத்திவாரம்.

மகேலா ஓடையின் நீர் ஏறக்குறைய மழைநீரைப் போன்றது. கரைந்த உப்புகள் மிக மிகக் குறைவு. அதனால் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். மகனீசியம் சல்பேற்று கலந்தால் உடனே மின்கடத்துதிறன் உயரும். ஆகவே ஓடையில் நிரந்தரமாக அமிழ்த்தி வைக்கப்பட்ட உணர்கருவி ஒன்று இரவு பகலாக மின்கடத்துதிறனை அளந்துகொண்டே இருக்கிறது. அது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், தானியங்கிப் பொறி ஒன்று அந்தக் கணமே நீர் மாதிரியை எடுத்து வைக்கும். முன்னர் வாரம் ஒரு முறை ஒருவர் சென்று போத்தலில் நீர் எடுத்து வருவதே வழக்கமாக இருந்தது. திங்கட்கிழமை நீர் எடுத்து, புதன்கிழமை இரவு கழிவு நீர் வந்து போயிருந்தால், அது எவர் கண்ணிலும் படாது. 2010ஆம் ஆண்டின் மழைக்காலம் முதல் மேற்பார்வை விஞ்ஞானியின் அலுவலகம் தொடர் அளவீட்டையே முதன்மை முறையாகக் கொண்டது.

உயிர்களைக் கேட்டறிதல்

எவ்வளவு இருந்தால் தீங்கு என்பது அடுத்த கேள்வி. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் யுரேனியத்துக்கு வகுத்துள்ள வழிகாட்டி அளவு லீற்றருக்கு 30 மைக்ரோகிராம். ஆனால் மகேலா ஓடைக்கு வகுக்கப்பட்டுள்ள எல்லை 2.8 மைக்ரோகிராம் மட்டுமே. மனிதர் குடிக்கத்தக்க அளவினும் ஓடைக்கு ஏன் பத்து மடங்கு கடுமை? மனிதர் நீரைக் குடித்துவிட்டுப் போகிறோம். பாசியும் நத்தையும் மீன்குஞ்சும் அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே வாழ்கின்றன. அன்றியும் உப்புக்கள் குறைந்த மென்னீரில் உலோகங்களின் நச்சுத்தன்மை கூடுதலாகத் தாக்கும்.

இந்த எல்லையை வேறு நாட்டு நூலிலிருந்து எடுத்து வைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்தப் பிரதேசத்தின் பாசி, நீரில் மிதக்கும் சிறு பூண்டு, ஹைட்ரா, நீர்த்தெள்ளு, நத்தை, மீன் ஆகியவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்து, வெவ்வேறு செறிவுகளில் வைத்துப் பார்த்தே அதனை வகுத்தார்கள். 100இல் 99 இனங்களுக்குத் தீங்கு நேராத அளவு எதுவோ அதுவே எல்லை.

ஓடையிலும் உயிர்களையே சாட்சியாக வைக்கிறார்கள். நன்னீர் நத்தைகளைச் சிறு கூடுகளில் இட்டு, சுரங்கத்துக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் நான்கு நாட்கள் மிதக்க விடுகின்றனர். பின்னர் அவை இட்ட முட்டைகளை எண்ணுகின்றனர். மேலே உள்ளவை நிறைய இட, கீழே உள்ளவை குறைய இட்டால், கருவி காணாத ஏதோ ஒன்றை நத்தை கண்டிருக்கிறது என்று பொருள். இதேபோன்று கீழே முட்ஜின்பெரி என்னும் மடுவில் உள்ள சிப்பிகளைப் பிடித்து அவற்றின் தசையில் ரேடியமும் யுரேனியமும் எவ்வளவு சேர்ந்துள்ளன என்று அளக்கின்றனர். சுரங்கத்தின் நீர் எட்டாத வேறொரு மடுவின் சிப்பிகளோடு அவற்றை ஒப்பிடுகின்றனர். அந்தச் சிப்பி அங்குள்ள மக்களின் உணவு. ஆகவே அந்த அளவீடு நேரடியாக ஒரு தாயின் கேள்விக்கு விடை சொல்கிறது: என் பிள்ளை இதை உண்ணலாமா?

அளப்பவர் யார் என்னும் கேள்வி

இவ்வளவு நுட்பமும் இருந்தும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அளப்பவர் யார்? அளந்ததை யாரிடம் சொல்கிறார்?

ரேஞ்சர் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள், ஓடை நீரை வழமையாக அளக்கும் பணி சுரங்க நிறுவனத்திடமே இருந்தது. வட ஆள்புல அரசு அதனைச் சரிபார்த்தது. மேற்பார்வை விஞ்ஞானி ஆராய்ச்சியும் மேற்பார்வையும் செய்தார். 2000ஆம் ஆண்டு கழிவுச் சேற்று நீரை எடுத்துச் செல்லும் குழாய் ஒன்றில் கசிவு ஏற்பட்டிருந்தமை தெரிய வந்தது. சுமார் 2 மில்லியன் லீற்றர் நீர் வெளியேறியிருந்தது. வெளியே பூங்காவின் சூழலுக்குத் தீங்கு நேரவில்லை என்றே பின்னர் விசாரணை கூறியது. ஆனால் கசிவைக் கண்ட நிறுவனம் அதனை உரியவர்களுக்கு அறிவிப்பதில் காலம் தாழ்த்தியது. கீழே மீன் பிடித்து உண்டவர்களுக்கு அந்த நாட்களில் எதுவும் தெரியாது.

இந்த நிகழ்வின் பின்னரே, 2001 முதல், மேற்பார்வை விஞ்ஞானியின் அலுவலகம் நிறுவனத்தைச் சாராமல் தானே ஓடை நீரை வழமையாக அளந்து முடிவுகளை வெளியிடத் தொடங்கியது. நல்ல விஞ்ஞானமும் நல்ல சட்டமும் முன்னரே இருந்தன. இல்லாதிருந்தது சுயாதீனமான அளவுகோல். கண்காணிக்கப்படுபவரே கண்காணிப்பாளராகவும் இருந்தால், உண்மையைச் சொன்னாலும் எவரும் நம்புவதில்லை.

2004 மார்ச்சில் வேறொரு பாடம் கிடைத்தது. ஆலையின் செயன்முறை நீர்க் குழாய் தவறுதலாகக் குடிநீர்க் குழாயுடன் இணைக்கப்பட்டதால், தொழிலாளர்கள் மாசுற்ற நீரைக் குடித்தார்கள், அதில் குளித்தார்கள். சுரங்கத்தை நடத்திய எனர்ஜி ரிசோர்சஸ் ஒவ் அவுஸ்திரேலியா நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2005இல் 150,000 டொலர் தண்டம் செலுத்தியது. ஓடையில் எத்தனை கருவிகள் இருந்தும், குடிநீர்க் குழாயை எவரும் பார்க்கவில்லை. எங்கே மனிதர் நீரைத் தொடுகின்றனரோ அங்கேயும் அளவீடு இருக்க வேண்டும் என்பதை இது உணர்த்தியது.

2013 டிசம்பரில் அமிலத்தில் தாது ஊறும் பெருந்தொட்டி ஒன்று வெடித்துச் சரிந்து, 1 மில்லியன் லீற்றருக்கும் அதிகமான சேறு கொட்டியது. அது வளாகத்துக்கு வெளியே சென்றதா என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. அப்போது மேலும் கீழும் இருந்த நிலையங்களின் தரவுகள் கையில் இருந்தன. ஓடைக்குப் பாதிப்பு இல்லை என்று நிறுவனத்தைச் சாராத ஒருவர் எண்களைக் காட்டிச் சொல்ல முடிந்தது. 2000ஆம் ஆண்டுக்கும் 2013ஆம் ஆண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே.

மூடிய பின் தொடங்கும் கதை

இப்போது நிலத்தடி நீருக்கு வருவோம். என் உரையின் மிக முக்கியமான பகுதி இதுதான் என்று கருதுகிறேன்.

திறந்த சுரங்கக் குழி ஆழமாக வெட்டப்படும்போது, அதனுள் ஊறும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்ற வேண்டும். தோட்டக் கிணற்றை இறைத்தவர்களுக்கு இது தெரியும். இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள ஊற்றுகள் எல்லாம் கிணற்றை நோக்கியே ஓடி வரும். அதுபோலவே சுரங்கம் இயங்கும் காலத்தில் நிலத்தடி நீர் குழியை நோக்கி உள்ளே வருகிறது. அதனால் குழியைச் சுற்றியுள்ள மாசு வெளியே போவது குறைவு. சுரங்கம் மூடப்பட்டு இறைப்பது நின்றதும் நிலைமை மாறுகிறது. நீர்மட்டம் மெல்ல உயர்ந்து பழைய நிலைக்கு வருகிறது. பின்னர் நீர் தன் இயல்பான சரிவின் வழியே ஓடையை நோக்கி நகரத் தொடங்குகிறது. ஆகவே தொழிலாளர் வீடு திரும்பி, பத்திரிகைகள் மறந்து, பங்குச் சந்தையில் பெயர் மங்கிப்போகும் காலத்திலேதான் நிலத்தடி நீரின் சோதனைக் காலம் தொடங்குகிறது.

ரேஞ்சரில் அகழ்வு 2012இல் முடிந்தது. குவித்து வைத்திருந்த தாதுவை அரைக்கும் பணி 2021 ஜனவரியில் நின்றது. அதுவரை 130,000 தொன்னுக்கும் அதிகமான யுரேனிய ஒட்சைட்டு அங்கிருந்து சென்றிருந்தது. அணையிலிருந்த கழிவுச் சேறு குழிகளுக்குள் மாற்றப்பட்டது. அந்தச் சேறு குறைந்தது 10,000 ஆண்டுகளுக்குச் சூழலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்றும், அதிலிருந்து கசியும் பொருட்கள் அக்காலம் முழுவதும் சூழலுக்குத் தீங்கு செய்யலாகாது என்றும் நடுவண் அரசின் நிபந்தனை கூறுகிறது. 10,000 ஆண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். எமது சங்க இலக்கியத்தின் வயதை விடப் பல மடங்கு நீண்ட காலம் அது.

அவ்வளவு காலம் எவரும் அளந்துகொண்டிருக்க முடியாது. ஆகவே நீர் எவ்வாறு நகரும் என்பதைக் கணினி மாதிரிகளால் கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பு சரியா என்பதைச் சோதிக்க, குழிகளையும் ஓடையையும் இடையிட்டு அவதானிப்புக் குழாய்க்கிணறுகள் அமைக்கப்படுகின்றன. ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களில் பல குழாய்களை இறக்குவது வழக்கம். மேல் மண்ணில் உள்ள நீர் ஒரு விதமாகவும், ஆழப் பாறை வெடிப்பில் உள்ள நீர் வேறு விதமாகவும் இருக்கக்கூடும். நீர்மட்டங்களை ஒப்பிட்டால் நீர் எத்திசை நோக்கிச் செல்கிறது என்பது விளங்கும். மகனீசியமும் சல்பேற்றும் முதலில் வந்து சேரும் தூதர்கள். உலோகங்கள் மண்ணில் ஒட்டிக்கொண்டு பின்தங்கியே வரும். தூதர் வந்தபோதே விழித்துக்கொண்டால் நடவடிக்கை எடுக்கக் காலம் உண்டு.

நிலத்தைச் சீர்செய்யும் பணி 2026 ஜனவரிக்குள் முடிய வேண்டும் என்பதே பழைய ஏற்பாடு. அது போதாது என்பது தெளிவாகி, 2022இல் சட்டம் திருத்தப்பட்டு மேலும் காலம் பெற வழி செய்யப்பட்டது. செலவின் மதிப்பீடு 2 பில்லியன் டொலருக்கும் மேல் சென்றது. எடுத்துச் சென்றவர்கள் சுத்தம் செய்யும் பொறுப்பையும் முடிக்கும் வரை, அதன் பின்னரும், எவரேனும் அந்தக் குழாய்களில் நீர்மட்டம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மிரார் மக்கள் இந்தக் காலமெல்லாம் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. 1995இல் தமக்கென ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அயலில் உள்ள ஜபிலுக்காவில் இரண்டாவது சுரங்கம் வருவதை 1998இல் பெரும் அறப்போராட்டத்தால் எதிர்த்தார்கள். 2005இல் தமது இசைவின்றி அங்கே சுரங்கம் நடத்துவதில்லை என்ற உடன்படிக்கையைப் பெற்றார்கள். ரேஞ்சரின் தொழில்நுட்பக் குழுவில் தம் பிரதிநிதிகளை அமர்த்தி, நீரின் எண்களைத் தாமும் தமது நிபுணர்களும் பார்க்கும் உரிமையை நிலைநாட்டினார்கள். எதிர்ப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். பல்லாண்டு காலம் எண்களை வாசித்துக்கொண்டே இருப்பதற்கு அதனினும் மேலான பொறுமை வேண்டும்.

எமது மண்ணுக்கும் இது பொருந்தும்

இதைக் கேட்கையில் பெற்றோர் பலருக்கு எமது தாயகத்தின் நீர் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறைக்குள் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஓரிடத்தில் சிந்தியது பாறை வெடிப்புகளின் ஊடாக அயல் கிணறுகளுக்கும் செல்லும். சுன்னாகத்தில் மாசு செய்தது சுரங்கம் அன்று, அனல் மின்நிலையம். ஆயினும் பாடம் ஒன்றே. கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டபோது, எவ்வளவு கலந்துள்ளது, எங்கிருந்து வந்தது என்பதிலேயே விவாதம் நீண்டது. இறுதியில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மின்நிலையம் தொடங்குவதற்கு முன்பிருந்தே, அயல் கிணறுகளைச் சுயாதீனமான ஒருவர் ஆண்டுதோறும் அளந்து ஊர் நூலகத்தில் வைத்திருந்தால், அந்த விவாதம் எவ்வளவு சுருங்கியிருக்கும்!

தமிழகத்தின் நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்தாலன்றி அகழ முடியாது. சுற்றியுள்ள உழவர்களின் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு, அதை அளப்பவர் யார், அந்த ஏடு எவர் கைக்கு எட்டும் என்ற கேள்விகள் அங்கேயும் அவ்வாறே பொருந்தும்.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள்

எந்த நாட்டில், எந்தச் சுரங்கத்தின் அருகே இருந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். தொடங்கு முன் அளந்தார்களா? மேற்புறமும் கீழ்ப்புறமும் அளக்கிறார்களா? நிறுவனத்தைச் சாராத ஒருவர் அளக்கிறாரா? அந்த எண்கள் நீரைக் குடிப்பவருக்கு விளங்கும் மொழியில் சென்றடைகின்றனவா? மூடிய பின்னர் அளப்பதற்கு இன்றே பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில், நீர் பாதுகாப்பானது என்று சொல்லப்படுவதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

பெற்றோர்களே, எமது பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வர வேண்டும் என்று விரும்புகிறோம். அதில் தவறில்லை. ஆயினும் நிலத்தடி நீரியல், சூழல் வேதியியல், நச்சியல் என்னும் துறைகளும் பல்கலைக்கழகங்களில் உள்ளன. உங்கள் பிள்ளை அவற்றை விரும்பிக் கேட்டால் தயங்காமல் விடுங்கள். அந்தத் தொழில் எளிமையானதாகத் தோன்றலாம். வெயிலில் நின்று, குழாயில் தேங்கிய பழைய நீரை இறைத்து, புது நீர் வரும் வரை காத்திருந்து, வடிகட்டி, அமிலமிட்டு, போத்தலில் நாளும் நேரமும் எழுதிக் கையொப்பமிடும் வேலை அது. அந்தக் கையொப்பம் ஒரு நாள் நீதிமன்றத்தில் ஓர் ஊருக்காகச் சாட்சி சொல்லும்.

இளையோர்களே, மேற்பார்வை விஞ்ஞானியின் அலுவலகம் வெளியிடும் அறிக்கைகள் பொதுமக்களுக்குத் திறந்தே உள்ளன. ஒரு நாள் அமர்ந்து அவற்றுள் ஒன்றையேனும் வாசியுங்கள். முதலில் எண்கள் மலைப்பூட்டும். மேற்புற நிலையத்தின் கோட்டையும் கீழ்ப்புற நிலையத்தின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் ஓடை நலமாக உள்ளது. கீழ்க்கோடு மட்டும் தனியே எழுந்தால், ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அங்கே வாழும் மக்களோடு சேர்ந்து கேளுங்கள். எங்களை ஏற்றுக்கொண்ட இந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு நாம் செய்யக்கூடிய நன்றிகளுள் அதுவும் ஒன்று.